எரிச்சல் நின்றால் நரம்பு பிழைத்ததா?

சர்க்கரை நோயால் கெட்ட நரம்பை மூலிகை மீட்டுக் கொடுக்கும் என்று நம்பாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. உள்ளங்கால் எரிகிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், சுற்றி உட்கார்ந்திருக்கும் நால்வரிடமிருந்தும் நான்கு மருந்து வரும். ஆவாரம்பூக் குடிநீர், சிறுகுறிஞ்சான் பொடி, கருஞ்சீரகம், சீந்தில் சர்க்கரை. நாட்டு மருந்துக்கடைக்காரர் "எத்தனை வருஷமா சுகர்?" என்றுகூடக் கேட்பதில்லை, பொட்டலம் மடிக்கத் தொடங்கிவிடுகிறார். கைபேசியைத் திறந்தால், வெள்ளை அங்கி போட்ட ஒருவர் ஒரே மண்டலத்தில் நரம்புத் தளர்ச்சி நீங்கும் என்று உறுதி கொடுக்கிறார்.

இந்த நம்பிக்கை தவறு. தீங்கில்லாத தவறு என்று விட்டுவிடவும் முடியவில்லை, ஏனென்றால் அதற்கு விலையாகப் பலர் விரலையும் பாதத்தையும் கொடுக்கிறார்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேர். இத்தனை கால்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மரியாதைக்காக மௌனம் காப்பது சரியில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களுடைய வாயாலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரைதான் நரம்பைக் கெடுக்கிறது. மூலிகைகள் சர்க்கரையைக் குறைக்கின்றன, வீக்கத்தைத் தணிக்கின்றன. ஆகவே நரம்பும் தேறும். இவை நேற்று வந்தவை அல்ல. நீரிழிவு, மதுமேகம் என்று பெயரிட்டு நம் முன்னோர் கண்டுவைத்த மருந்துகள். பக்கவிளைவு கிடையாது. எலிகளில் நிரூபித்திருக்கிறார்கள். ஆங்கில மருத்துவமோ வலியை மறைக்கும் மாத்திரையைக் கொடுத்துத் தூங்கவைக்கிறதே தவிர நரம்பைக் குணப்படுத்துவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குணமானவர்கள் கண்முன்னே நடமாடுகிறார்கள்.

இதில் ஒரு வரி முழு உண்மை. ஆங்கில மருத்துவத்தைப் பற்றிய அந்தக் குற்றச்சாட்டைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுப்போம்.

1. எரிச்சல்தான் நோயா?

வாதம் முழுவதும் ஒரே அடையாளத்தின் மேல் நிற்கிறது: எரிச்சல் இருந்தது, மருந்து சாப்பிட்டேன், எரிச்சல் நின்றது. இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் நுனி வரை ஓடும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். உடம்பிலேயே மிக நீளமான இழை அது. அதற்குச் சோறு போடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடும்போது, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வாய்க்கால்போல, நுனிதான் முதலில் காய்கிறது. அதனால்தான் விரல்களில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. அடிபட்ட நரம்பு கத்தும். எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது, இரவில் போர்வை பட்டாலே கூசுவது எல்லாம் அந்தக் கத்தல். செத்த நரம்பு கத்தாது.

ஆகவே எரிச்சல் நின்றதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். நரம்பு தேறியிருக்கலாம். அல்லது நரம்பு போய்விட்டிருக்கலாம். நோயாளிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்; இரண்டிலும் நிம்மதியாகத் தூங்குவார். வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் சோதிக்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் நூலைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது ஒன்று. 128 அதிர்வெண் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. குணமானேன் என்று காணொளியில் பேசுகிறவர்களில் எவராவது மருந்துக்கு முன்னும் பின்னும் இந்தச் சோதனை முடிவைக் காட்டிப் பார்த்திருக்கிறீர்களா? குணத்தையும் சாவையும் பிரித்துக் காட்ட முடியாத அளவுகோலை வைத்துக்கொண்டு மருந்து விற்கிறோம்.

இன்னொன்று. நரம்பு கெட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எரிச்சலே வருவதில்லை. சத்தமில்லாமல் மரத்துப்போகும். செருப்பு கழன்று பின்னால் கிடப்பது பத்தடி நடந்த பிறகு தெரியும், அதுவும் யாராவது கூப்பிட்டுச் சொன்னால். இவர்கள் யாரும் நாட்டு மருந்துக்கடைக்குப் போவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கால் போவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

மண்டலக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். நசுங்கிய நரம்பிழை நல்ல உடம்பில், எல்லாம் சாதகமாக இருந்தால், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். சர்க்கரை உள்ள உடம்பில் அதைவிட மெதுவு. ஒரு மண்டலம் 48 நாள். 48 மில்லிமீட்டர் என்பது மூன்று விரற்கடைகூட இல்லை. முழங்காலுக்குக் கீழே முழுக்க மரத்துப்போனவருக்கு ஒரு மண்டலத்தில் நரம்பைப் புதுப்பித்தேன் என்பவர், உடம்பால் செய்ய முடியாத வேலையைத் தன் சூரணம் செய்ததாகச் சொல்கிறார்.

"நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை நடுக்கம், ஆண்மைக் குறைவு, தூக்கமின்மை, கால் எரிச்சல், வெறும் அசதி எல்லாவற்றுக்கும் தமிழில் அந்த ஒரே சொல்தான் ஓடுகிறது. விற்பவருக்கு இதைவிட வசதியான சொல் அமையாது.

2. "எனக்குக் குணமானது" என்பது சாட்சியா?

நேர்மையான சாட்சிதான். ஆனால் எதற்குச் சாட்சி என்பதுதான் கேள்வி. சர்க்கரை நரம்பு வலிக்கு இன்று எழுதித்தரப்படும் டுலாக்செடின் மாத்திரையைச் சோதித்தபோது, ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். அவர்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வலி பாதிக்குமேல் குறைந்தது. மருந்தில்லாமலே நால்வரில் ஒருவர் "பாதி குறைஞ்சிடுச்சு" என்பார் என்றால், ஆயிரம் பேருக்குத் தூளை விற்றவரிடம் இருநூற்றைம்பது சாட்சிகள் சேர்ந்துவிடுவார்கள். மீதி எழுநூற்றைம்பது பேர் காணொளியில் வருவதில்லை.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்றை உடம்பே செய்கிறது. பல வருடம் 12, 13 என்று இருந்த மூன்று மாத சர்க்கரைச் சராசரி, இன்சுலினாலோ கடும் பத்தியத்தாலோ திடுதிப்பென்று இறங்கினால் சிலருக்குப் புதிதாகக் கடும் எரிச்சல் கிளம்பும். மூன்று மாதத்துக்குள் இரண்டு புள்ளிக்குமேல் இறங்கினால் இந்த ஆபத்து உண்டு. "இன்சுலின் போட்ட பிறகுதான் கால் எரிய ஆரம்பிச்சுது" என்று பலர் சொல்வது கற்பனை அல்ல. ஆனால் இந்த எரிச்சல் பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகவே அடங்கிவிடும். அந்த மாதங்களில் இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்தவர் என்ன முடிவுக்கு வருவார்? ஊசி கெடுத்தது, பச்சிலை காப்பாற்றியது. அவர் பொய் சொல்லவில்லை. தவறான முடிவுக்கு வருவதற்கு வேண்டிய எல்லாச் சான்றும் அவர் காலிலேயே இருந்தது.

3. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது": யாருடைய காலில்?

எலியின் காலில். மஞ்சள், வெந்தயம், கருஞ்சீரகம் என்று எதை எடுத்தாலும் நரம்பைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு எலியில் செய்தவை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற பொருளை ஊசியில் ஏற்றி எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பார்கள். சில வாரத்தில் நரம்பு மந்தமாகும். கூடவே மூலிகைச் சாறு கொடுத்தால் மந்தம் குறையும். நமக்கோ பத்து, பதினைந்து வருடம் சர்க்கரையில் ஊறிய நரம்பு. கூடவே ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, சிலருக்குப் புகையிலை. சில வாரச் சேதத்தைத் தடுத்தது பதினைந்து வருடச் சேதத்தை மாற்றும் என்று எந்த எலியும் நிரூபிக்கவில்லை. (அந்த ஸ்ட்ரெப்டோசோட்டோசின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. முழுக்க இயற்கை. இயற்கையானது தீங்கு செய்யாது என்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.)

மனிதரில் நடந்தவற்றில் மதிக்கத்தக்கது நம் ஊரிலிருந்தே வந்தது. 1990-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுகுறிஞ்சான் இலைச்சாற்றை 22 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்றரை ஆண்டுக்குமேல் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. அக்கறையோடு செய்த நல்ல தொடக்கம். ஆனால் 22 பேர். குலுக்கல் முறையில் பிரித்து, போலி மருந்தோடு ஒப்பிடவில்லை. அளந்தது சர்க்கரையை, நரம்பை அல்ல. அந்தத் தொடக்கத்தை ஆயிரம் பேர் கொண்ட சோதனையாக வளர்க்காமல், முப்பது வருடமாகப் பொட்டலத்தின் மேல் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். சிறுகுறிஞ்சானுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை என்ன இருக்கிறது?

தேறிய செடியும் ஒன்று உண்டு. மிளகாய். அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை 8 சதவீதச் செறிவில் ஒட்டுப்பட்டையாக்கி, பாதத்தில் அரைமணி நேரம் மருத்துவர் ஒட்டி எடுக்கும் சிகிச்சைக்கு 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி கொடுத்தது, குறிப்பாகச் சர்க்கரை நரம்பு வலிக்கு. காரத்தை உணரும் நரம்பு வாயிலைக் கண்டுபிடித்ததற்காக விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு அடுத்த வருடமே நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. செடி மருந்தென்றால் மருத்துவ உலகம் ஒதுக்கிவிடும் என்ற புலம்பலுக்கு இதைவிடப் பதில் வேண்டாம். ஆனால் அந்தப் பட்டை என்ன செய்கிறது? வலி சொல்லும் நரம்பு நுனிகளைச் சில மாதம் செயலிழக்கச் செய்கிறது. நரம்பை வளர்ப்பதாக அது சொல்லிக்கொள்வதில்லை. சோதனையில் தேறிய செடியே இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறது.

4. மரபைப் பற்றிப் பேசுவதென்றால், முழு மரபையும் பேசுவோம்

நரம்பு செத்துக் கால் மரத்துப்போகும் நோய் தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. சர்க்கரை பெருகுவதற்கு முன்னால் அந்த இடத்தில் தொழுநோய் இருந்தது. அதற்கும் ஒரு பச்சிலை வைத்தியம் இருந்தது: நீரடிமுத்து எண்ணெய். உலகம் முழுவதும் அதையும் அதன் உறவுக்காரச் செடியான சால்மூக்ராவின் எண்ணெயையும்தான் நம்பியிருந்தார்கள். குடிக்கக் கொடுத்தார்கள், குமட்டியது; ஊசியாகப் போட்டார்கள், வீங்கியது. தேறினேன் என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். 1940களில் சல்போன் மருந்துகள் வந்ததும் எண்ணெய் ஓரங்கட்டப்பட்டது. யாரும் மரபைச் சதி செய்து வீழ்த்தவில்லை. கிருமியைக் கொல்வதில் ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

கதையின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. கிருமி செத்தும் விரல்கள் போய்க்கொண்டிருந்தன. ஏன்? கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். சதை நோயால் அழுகவில்லை என்று கண்டுபிடித்தார். வலி தெரியாததால், நோயாளி சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார், ஆணி குத்திய காலோடு நாள் முழுக்க நடக்கிறார். தூங்கும்போது எலி விரலைக் கடித்துத் தின்றாலும் அவர் விழிப்பதில்லை. அதற்கு அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? பூனை. படுக்கைக்கு ஒரு பூனை. கூடவே, வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் உருவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு. உள்ளங்காலைத் தினமும் பார்க்கும் பழக்கம். அறுபதுகளின் நடுவில் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண்களை அடையாளம் கண்டார். இன்று உலகமெங்கும் சர்க்கரைப் பாதத்துக்குச் செய்யும் சிகிச்சையின் முக்கியமான பகுதி அந்த வழியில் வந்தது.

ஆக, மரத்த காலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு உலகம் ஏற்றுக்கொண்ட பதில் இந்த மண்ணில்தான் பிறந்திருக்கிறது. எம்.சி.ஆர். செருப்பு இன்றும் அதே பெயரில் கிடைக்கிறது. நம் மரபு நம் மரபு என்று மார்தட்டுகிறவர்கள் இதைச் சொல்வதேயில்லை. செருப்பைப் பற்றிப் பெருமை பேச யாருக்கும் மனம் வராது போலிருக்கிறது.

5. "பக்கவிளைவு இல்லை" என்பது மருந்தைப் பற்றிய புகழ்ச்சியா, குற்றச்சாட்டா?

உடம்பில் ஒரு விளைவைச் செய்யும் பொருள் வேண்டாத விளைவையும் செய்யக்கூடும். எந்தத் தீங்கும் செய்யவே முடியாது என்றால், அது எதையும் செய்யவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். நடப்பு வேறு. 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் கெட்டதை எழுதினார்கள். அடுத்த ஆண்டு பல மருத்துவமனைகளைச் சேர்த்து 43 பேரைப் பற்றி அறிக்கை வந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்து, சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடியோடு குழப்பிக்கொண்டார்கள் என்றது. அப்படியே இருக்கட்டும். எந்தக் கொடி எது என்று தெரியாமல் ஊர் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்றால், அது ஆறுதலா?

2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகைத் தயாரிப்புகள் 70-ஐச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஆர்சனிக் நஞ்சு உடம்பில் சேர்ந்தால் நரம்புக்கு என்ன வரும் என்று நரம்பியல் பாடநூலைப் பாருங்கள். உள்ளங்கால் எரிச்சல். கால் எரிச்சலுக்குச் சாப்பிட்ட சூரணமே கால் எரிச்சலைத் தரலாம். நோயாளியோ அளவு போதவில்லை என்று நினைத்து இன்னொரு கரண்டி கூட்டுவார்.

கலப்படம் இன்னும் மோசம். "மூலிகைதான், ஆனா சட்டுனு கேக்குது" என்றால் அங்கே நிற்க வேண்டும். 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்; நால்வர் இறந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற மாத்திரைகளில், மூலிகை என்று விற்றவை உட்பட, கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்து கலந்திருந்தது.

ஆனால் நான் கண்ணால் பார்த்த பக்கவிளைவுக்கு ரசாயனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. என் பெரியம்மாவுக்குப் பதினெட்டு வருடச் சர்க்கரை. குதிகால் வலிக்கு யாரோ எருக்கிலை ஒத்தடம் சொன்னார்கள். செங்கல்லை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மேலே எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை வைத்து எடுப்பது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். நல்ல காலுள்ளவன் சூடு தாங்காமல் உடனே எடுத்துவிடுவான். பெரியம்மா எடுக்கவில்லை. "சுடவே இல்லடா, இதமாத்தான் இருந்துச்சு" என்றார் பிறகு. மறுநாள் கூடத்துத் தரையில் ஈரத் தடம் பார்த்துத்தான் மருமகள் கண்டுபிடித்தாள். கொப்புளம் உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் புண் ஆற ஐந்து மாதமானது. எருக்கிலையில் குற்றமில்லை, செங்கல்லில் குற்றமில்லை. அந்த வைத்தியம் வலி தெரியும் கால்களுக்காக உண்டானது. வேப்பிலை போட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பதற்கும் இதே நியாயம்தான்.

6. "எல்லா மருந்தும் செடியிலிருந்துதானே வந்தது?"

எல்லாம் வரவில்லை, சில வந்தன. சர்க்கரைக்கு உலகம் அதிகம் சாப்பிடும் மெட்ஃபார்மின், கலீகா என்ற ஐரோப்பியச் செடியிலிருந்த பொருளைப் பின்பற்றி வந்ததுதான். செடி ஆடுமாடுகளுக்கு நஞ்சு. அதிலிருந்த பொருளுக்கு உறவான மெட்ஃபார்மினை 1922-இல் ஆய்வகத்தில் செய்தார்கள். நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்து மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் பாரிஸில் எழுதியது 1957-இல். இடையில் 35 வருடம். இதைக் காட்டி யாராவது "பார்த்தாயா, செடிதான்" என்றால், அந்த 35 வருடத்தை எங்கே வைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் செடிப் பேரனே நரம்புக்குப் பிரச்சினை. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். பி12 குறைந்தால் கால் மரக்கும், எரியும். சைவ உணவுக்காரருக்கு ஆபத்து கூடுதல். இதை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து ஈடுசெய்ய முடியும். சர்க்கரையால் வந்தது என்று நினைத்த எரிச்சலில் ஒரு பகுதி பி12 குறைவாக, தைராய்டாக, மதுவாக, ஏன், தொழுநோயாகவே இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் இவற்றில் சிலவற்றை உண்மையிலேயே சரிசெய்ய முடியும். கஷாயம் குடித்துக் காத்திருப்பவர் இழப்பது அந்தச் சரியாகும் காலத்தைத்தான்.

7. "ஆங்கில மருத்துவத்திலும் குணமில்லையே"

இல்லை. ஒப்புக்கொள்கிறேன். செத்த நரம்பை உயிர்ப்பிக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது. பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் மூன்றும் வலியைத்தான் தணிக்கின்றன. தலைசுற்றல், தூக்கம், வாய் உலர்வது எல்லாம் உண்டு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பலனையும் மிகைப்படுத்தக் கூடாது. 1993-இல் முடிந்த டி.சி.சி.டி. ஆய்வில், இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேரிடம், இறுக்கமான கட்டுப்பாடு நரம்புக் கேட்டைச் சுமார் 60 சதவீதம் குறைத்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகையில் அந்தப் பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் இதிலிருந்து மூலிகை குணப்படுத்தும் என்ற முடிவு எப்படி வருகிறது? அண்ணனால் கடனை அடைக்க முடியவில்லை என்பது தம்பி பையில் பணம் இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஒருவர் தன்னால் முடியாது என்கிறார், இன்னொருவர் முடியும் என்கிறார். நிரூபிக்க வேண்டியவர் முடியும் என்பவர்தான்.

எனக்கு உண்மையான கோபம் இங்கே மருத்துவர்கள் மேலும் உண்டு. சர்க்கரை நோயாளி வருடத்துக்கு நான்கு முறை போகிறார். சீட்டில் எண்ணைப் பார்க்கிறார்கள், மாத்திரையைக் கூட்டுகிறார்கள், காலைப் பார்ப்பதில்லை. "எரியுது டாக்டர்" என்றால் நரம்புச் சத்து மாத்திரை ஒன்று கூடுதலாகச் சீட்டில் ஏறுகிறது. பி6 வைட்டமினை அளவுக்குமேல் நெடுநாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதை எழுதுபவரும் சொல்வதில்லை. இப்படித் தன் காலை யாரும் தொட்டுப் பார்க்காத மனிதர், "வாங்கம்மா, உக்காருங்க, எங்க எரியுது?" என்று கேட்கும் வைத்தியரிடம் போவது மூடநம்பிக்கையால் அல்ல. மருத்துவமனை காலியாக விட்ட நாற்காலியில்தான் சூரணக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

8. சட்டம்

இரண்டே வரி. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் வந்தது 1954-இல். எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்ற அதன் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது.

அப்படியானால் ஆவாரம்பூவைத் தூக்கி எறிவதா? வேண்டாம். வெந்தயம் சாப்பிடுங்கள், பாகற்காய் பொரியுங்கள். உணவாக அவை நல்லவை. விளக்கெண்ணெயைப் பாதத்தில் தடவுங்கள், வெடிப்புக்கு மிகவும் நல்லது. விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். சித்த மருத்துவரிடம் போவதென்றால் போங்கள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை இரு பக்கமும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்சுலினையும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுப்பகலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள். சாமி காலையிலும் இருக்கிறார். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்புக்குள் காலை விடும் முன் கையை விட்டுத் துழாவுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுங்கள். அவர் காலைப் பார்க்காமல் சீட்டெழுதத் தொடங்கினால், "டாக்டர், முதல்ல காலைப் பாருங்க" என்று சொல்லுங்கள்.